கன்ட்ரோலர் சரி என்கிறது, டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது

நீலக்கூடாரம் (சான் ஹோசே):

வணக்கம். இரண்டு மாதம் முன்பு 22 அடி டிராவல் டிரெய்லர் (டிரக்கின் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கினோம். புதிது இல்லை, ஒருவர் ஆறு வருடம் வைத்திருந்தது. இரண்டு அச்சு, நான்கு சக்கரம், நான்கிலும் எலக்ட்ரிக் பிரேக். டிரக் பிரேக்கை மிதிக்கும்போது டிரெய்லர் பிரேக்கையும் இயக்கும் பிரேக் கன்ட்ரோலரை ஒரு கடையில் டிரக்கில் மாட்டிக் கொடுத்தார்கள். பக்கத்து ஊர்களுக்கு இரண்டு முறை போய் வந்தோம், எந்தக் குறையும் தெரியவில்லை. எல்லாம் சமதரை.

போன வாரம் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஐ-5 நெடுஞ்சாலை வழியாகத் திரும்பினோம். டெஹோன் கணவாய் தாண்டி கிரேப்வைன் இறக்கம் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. 6 சதவீதச் சரிவு, ஐந்து மைலுக்கு விடாமல் இறங்குகிறது. பிரேக்கை மிதித்தால் டிரக்கின் மூக்கு தாழ்கிறது, பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கிறது. பாதி இறக்கத்தில் பெடல் இன்னும் ஆழமாகப் போக ஆரம்பித்தது. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, கதவுப் பிடியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

அடிவாரத்தில் ஓரம் கட்டி இறங்கினேன். டிரக்கின் முன் சக்கரங்களில் கருகிய வாடை. டிரெய்லர் சக்கரம் தீப்பிடித்திருக்குமோ என்று பயந்து போய்ப் பக்கத்தில் கை கொண்டுபோனேன். சூடே இல்லை.

கன்ட்ரோலரில் டிரெய்லர் இணைந்திருப்பதாகத்தான் காட்டுகிறது. மிதிக்கும்போது எண்ணும் ஏறுகிறது. கடையில் கேட்டேன், கெயினை (டிரெய்லர் பிரேக்குக்கு அனுப்பும் மின்சார அளவை) கூட்டு என்றார்கள். இப்போது 8-ல் இருக்கிறது, வித்தியாசம் இல்லை. பெரிய டிரக் வாங்க வேண்டுமா? அடுத்த மாதம் யோசெமிட்டி தேசியப் பூங்கா போவதாகக் குழந்தைகளிடம் சொல்லிவிட்டேன்.

ஏற்காட்டான்:

எனக்கும் இதே அனுபவம். அரை டன் வகை (சின்ன) டிரக்கை விற்றுவிட்டு முக்கால் டன் வகை (பெரியது) வாங்கினேன், பிரச்சினை தீர்ந்தது. சின்ன டிரக்கில் போராடாதீர்கள்.

பழைய ஓட்டுநர் (சாக்ரமெண்டோ):

தம்பி, பெரிய டிரக் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது: ஐந்து மைல் இறக்கம் இறங்கி வந்த டிரெய்லர் சக்கரம் சூடாகவே இல்லை. பிரேக் என்பதே ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவிதான். சூடு இல்லை என்றால் அங்கே வேலையே நடக்கவில்லை. மொத்த வேலையையும் டிரக்கின் பிரேக் செய்திருக்கிறது, அந்த வாடை அதனுடையதுதான். பெடல் ஆழமாகப் போனதும் அதனால்தான். முதல் காரியமாக டிரக்கின் பிரேக் பேடையும் ஆயிலையும் பார்த்துவிடுங்கள். ஒரு முறை கொதித்த பிரேக் ஆயிலை நம்பிக் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.

டிரெய்லர் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறேன், தெரிந்தால் பாதி பயம் போய்விடும். டிரக்கில் இருப்பது போல எண்ணெய் அழுத்தம் இங்கே இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் டிரம்முக்குள் ஒரு சின்ன மின்காந்தம் இருக்கிறது. நீங்கள் மிதித்ததும் கன்ட்ரோலர் நீல வயர் வழியாக அதற்கு மின்சாரம் அனுப்பும். காந்தம் சுழலும் டிரம்மின் உள்முகத்தில் போய் ஒட்டும். ஒட்டியது டிரம்மோடு சேர்ந்து நகரப் பார்க்கும், அது ஒரு கையை இழுக்கும், அந்தக் கை இரண்டு ஷூவையும் (பிரேக் கட்டை) விரித்து டிரம்மில் அழுத்தும். இவ்வளவுதான்.

அந்தக் கை நகரும் தூரத்துக்கு எல்லை உண்டு. ஷூ தேய்ந்து டிரம்மிலிருந்து விலகிப்போயிருந்தால், கை முழுதும் நகர்ந்தாலும் ஷூ போய்ச் சேராது. அப்போது கெயினை 8 என்ன, 10 வைத்தாலும் பலனில்லை. பல டிரெய்லர்களில் ஷூ தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதி கிடையாது. டிரம்முக்குப் பின்னால் இருக்கும் பின்தட்டில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதற்குள்ளே நட்சத்திரம் மாதிரி பல் வைத்த சக்கரம். அதைக் கையால் திருப்பித்தான் ஷூவை நெருக்க வேண்டும். 3,000 மைலுக்கு ஒரு முறை என்று சக்கர அச்சைத் தயாரிக்கிறவர்களே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். விற்றவர் ஆறு வருடத்தில் ஒரு முறையாவது செய்தாரா என்று கேட்டீர்களா?

நீலக்கூடாரம்:

கேட்கவில்லை அண்ணா. கூரை ஒழுகுகிறதா, ஏசி ஓடுகிறதா, டயர் எந்த வருடம் என்று பார்த்தேன். பிரேக் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். பிரேக் வேலை செய்யவில்லை என்றால் கன்ட்ரோலர் ஏன் எல்லாம் சரி என்று காட்டுகிறது?

மின்னல்கொடி (ஹூஸ்டன்):

அதற்கு நான் பதில் சொல்கிறேன், தொழில் எனக்கு மின்சாரம்தான். கன்ட்ரோலருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: நீல வயரின் மறுமுனையில் ஏதோ காந்தம் இருக்கிறது, மின்சாரம் போகிறது. அந்தக் காந்தம் ஷூவை நகர்த்தியதா, ஷூ டிரம்மைத் தொட்டதா, டிரம்மில் கிரீஸ் வழிகிறதா, எதுவும் அதற்குத் தெரியாது. நான்கில் ஒரு காந்தம் செத்திருந்தாலும் மீதி மூன்றைப் பார்த்து இணைந்திருக்கிறது என்றுதான் சொல்லும். திரையில் ஏறும் எண் நீங்கள் அனுப்பும் அளவு. சக்கரம் பிடித்த அளவு அல்ல. புதிதாக வாங்குகிற எல்லாரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள், கடைக்காரர்களும் அந்த எண்ணைக் காட்டியே அனுப்பிவிடுகிறார்கள்.

உங்களுடையது 10 அங்குல டிரம்மாக இருக்கும். ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், நான்குக்கும் சேர்த்து 12 பக்கத்தில் வர வேண்டும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்குங்கள் (ஏசி மட்டும் அளப்பது உதவாது). 7 பின் பிளக்கை டிரக்கிலிருந்து கழற்றிவிட்டு, டிரெய்லர் மூக்கில் இருக்கும் பிரேக்அவே சுவிட்சின் (ஓட்டத்தில் டிரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்க வைப்பது) பின்னை உருவுங்கள். டிரெய்லர் பேட்டரியிலிருந்து நேராக முழு மின்சாரம் பிரேக்குக்குப் போகும். அந்த வயரில் மீட்டரை மாட்டி எண்ணைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றாமல் பின்னை உருவாதீர்கள், கன்ட்ரோலர் கெட்டுவிடலாம்.

பின் உருவிய நிலையில் ஒவ்வொரு சக்கரமாகச் சோதிக்கலாம். திசைகாட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: டிரம் அருகே கொண்டுபோனால் காந்தம் உயிரோடு இருக்கும் சக்கரத்தில் முள் திரும்பும். சோதனை முடிந்ததும் பின்னைத் திரும்பச் சொருகுங்கள், இல்லாவிட்டால் பேட்டரியும் இறங்கும், காந்தமும் சூடேறும்.

வன்னிக்காரன் (டொராண்டோ):

தங்கச்சி சொன்ன பிரேக்அவே வயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கனபேர் பிழையாகக் கொழுவுகிறார்கள். அந்த மெல்லிய கம்பி வயரைப் பாதுகாப்புச் சங்கிலியிலோ, கொக்கிக் குண்டு பொருத்தியிருக்கிற பால் மவுண்டிலோ மாட்டக்கூடாது. பால் மவுண்டே கழன்று விழுந்தால் கம்பியும் அதோடு போய்விடும், பின் உருவப்படாது, டிரெய்லர் பிரேக் பிடிக்காமல் தன்பாட்டில் ஓடும். வாகனத்தின் உடம்பிலே நிலையாக இருக்கிற வளையத்தில் தனியாக மாட்டுங்கள். சங்கிலி இரண்டையும், குண்டைக் கவ்விப் பிடிக்கிற கப்ளருக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள், கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

டிரெய்லர் பேட்டரி செத்திருந்தால் பிரேக்அவேயும் செத்தது. வீட்டில் கரண்டில் போட்டு வைத்திருக்கிறோம் என்று அதை மறந்துவிடாதீர்கள்.

நீலக்கூடாரம்:

இன்று காலை அளந்தேன். 9.1 ஆம்பியர். திசைகாட்டி முள் மூன்று சக்கரத்தில் திரும்பியது. வலது முன் சக்கரத்தில் அசையவே இல்லை.

மின்னல்கொடி:

அப்படியானால் வலது முன் காந்தத்துக்கு மின்சாரம் போகவில்லை. அச்சுக் குழாய்க்குள்ளே பாருங்கள். பெரும்பாலும் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு வயர் அந்தக் குழாய்க்குள்தான் போகும். குழாய் வாய் ஓரத்தில் உராய்ந்து உராய்ந்து அறுந்துபோவது பழைய டிரெய்லரில் சாதாரணம். புது வயரை உள்ளே விடாதீர்கள், குழாய்க்கு வெளியே உறைக்குள் போட்டு கிளிப் வைத்துக் கட்டுங்கள். 12 கேஜ் போதும். இணைப்புகளை நெரித்து இணைத்ததோடு விடாமல் மேலே வெப்பத்தில் சுருங்கும் உறை போடுங்கள், அங்கே தண்ணீர் தெறித்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் மூன்று சக்கரத்துக்கு மின்சாரம் போயும் அவை சூடாகவில்லையே. அது வயர் பிரச்சினை இல்லை. டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்.

நீலக்கூடாரம்:

சனி, ஞாயிறு இரண்டு நாளும் டிரெய்லருக்கு அடியில்தான் இருந்தேன். நீளமாக எழுதுகிறேன், இன்னொருவருக்கு உதவும்.

டிரக்கோடு கோர்த்தபடி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, அச்சுக்குப் பக்கத்தில் சட்டத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டும் வைத்துக்கொண்டேன். முதலில் இடது பின். டிரம்மை இழுத்ததும் கருப்புக் கிரீஸ் வழிந்தது. ஷூ இரண்டும் ஊறிப்போய், நகத்தால் கீறினால் கூழ் மாதிரி வருகிறது. அச்சு நுனியில் கிரீஸ் அடிக்கும் முனை இருக்கிறது. கிரீஸ் துப்பாக்கி வைத்து வேகமாக அடித்திருக்கிறார்கள், பின் சீல் தாண்டி உள்ளே போயிருக்கிறது. ஷூவைக் கழுவிப் பயன்படுத்தலாமா?

வலது முன் டிரம் சுத்தமாக இருந்தது, உள்ளே வயர் மட்டும் அறுந்திருந்தது. மின்னல்கொடி சொன்ன அதே இடம், குழாய் வாயில். செம்பு பச்சையாகிவிட்டது. எத்தனை வருடமாக அப்படியே ஓடியதோ.

மற்ற இரண்டிலும் ஷூ நன்றாகவே இருக்கிறது, தடிப்பும் உண்டு. ஆனால் கையால் சக்கரத்தைச் சுற்றினால் எங்கேயும் உரசாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்ப ஆரம்பித்தேன். எண்ணிக்கொண்டே வந்தேன், 30 கிளிக் தாண்டிய பிறகுதான் முதல் உரசல் சத்தம் கேட்டது.

பழைய ஓட்டுநர்:

கழுவாதீர்கள். கிரீஸ் குடித்த ஷூவை எதில் கழுவினாலும் சூடானதும் மறுபடி கக்கும். பின்தட்டோடு முழு பிரேக்காகவே விற்கிறார்கள்: ஷூ, காந்தம், ஸ்பிரிங் எல்லாம் பொருத்தியே வரும். நான்கு நட்டு, இரண்டு வயர், முடிந்தது. அந்த அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் மிதிக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கும். இடது, வலது பார்த்து வாங்குங்கள், மாற்றிப் போட்டால் சரியாகப் பிடிக்காது. சீலும் புதிது போடுங்கள். பேரிங்கைக் கழுவி, கையில் வைத்துக் கிரீஸ் அடைத்துப் போடுங்கள். நான் அந்த முனையில் துப்பாக்கி வைப்பதே இல்லை.

நெருக்கும் முறை: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே திருப்புங்கள், கையால் சுற்றவே முடியாத அளவுக்கு இறுக்குங்கள். பிறகு தளர்த்துங்கள். சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஷூ லேசாக உரசும் சத்தமும் கேட்க வேண்டும்.

அப்புறம் கெயின். சமமான, காய்ந்த, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் போங்கள். 20, 25 மைல் வேகத்தில் வாருங்கள். டிரக் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலரில் இருக்கும் கைப்பிடியை (டிரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்குவது) மட்டும் முழுதாகத் தள்ளுங்கள். டிரெய்லர் தன்னையும் டிரக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்த வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் கெயினைக் கொஞ்சம் குறையுங்கள். பூட்டுவதற்குச் சற்றுக் கீழே நிற்கும் அளவு உங்கள் எண். புது ஷூ படிய 200 மைல் வரை ஆகலாம், அதற்குப் பிறகு மறுபடி பார்த்து அமையுங்கள். காலி டிரெய்லருக்கு ஒரு எண், நிறைந்த டிரெய்லருக்கு ஒரு எண், மழைக்கு ஒன்று.

இந்தக் கைப்பிடிச் சோதனையை ஒவ்வொரு பயணத்திலும் செய்யுங்கள். நான் 14 வருடமாக இழுக்கிறேன். இன்றைக்கும் தெருமுனை தாண்டுவதற்குள் 15 மைல் வேகத்தில் ஒரு முறை அந்தப் பிடியைத் தள்ளுவேன். டிரெய்லர் பின்னால் பிடித்து இழுப்பது இடுப்பில் தெரிந்தால்தான் மேலே போவேன். திரையில் வரும் எந்த எண்ணையும் நான் அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை.

ஏற்காட்டான்:

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு என் டிரெய்லரையும் தூக்கிப் பார்த்தேன். இரண்டு சக்கரத்தில் ஷூ தொடவே இல்லை. பெரிய டிரக்கின் பெரிய பிரேக் அதை மறைத்திருக்கிறது. மூன்று வருடமாகப் பிரேக் இல்லாத டிரெய்லரோடு மலை ஏறி இறங்கியிருக்கிறோம். முதலில் கொடுத்த யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

யாழினி (மெல்பேர்ன்):

இங்கே இதைக் காரவன் என்போம். ஆஸ்திரேலியாவில் மொத்த எடை 750 கிலோ தாண்டினால் பிரேக் கட்டாயம், 2,000 கிலோ தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக்கும் பிரேக்அவேயும் வேண்டும். அமெரிக்காவில் எப்படி?

மின்னல்கொடி:

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் டிராவல் டிரெய்லருக்கு 1,500 பவுண்டிலிருந்தே பிரேக் வேண்டும், எங்கள் டெக்சாஸில் 4,500 தாண்டினால்தான். பல மாநிலங்களில் 3,000. சட்டம் கேட்கவில்லை என்பதால் 4,000 பவுண்டைப் பிரேக் இல்லாமல் இழுக்கிறவர்களை இங்கே பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நீலக்கூடாரம், உங்கள் மாநிலத்தில் டிரெய்லர் இழுத்தால் 55 மைல்தான் எல்லை, அதையும் நினைவில் வையுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு.

நீலக்கூடாரம்:

புது பிரேக் போட்டாயிற்று. 11.8 ஆம்பியர். முள் நான்கிலும் திரும்புகிறது. டிரக் முன் பிரேக்கும் பிரேக் ஆயிலும் மாற்றினேன்.

லாரிகள் எடை பார்க்கும் கேட் ஸ்கேலுக்குப் போனேன். டிரக் மட்டும், நாங்கள் நால்வரும் உட்கார்ந்து: 6,040 பவுண்டு. டிரெய்லரைக் கோர்த்து, ஸ்பிரிங் பார் (கொக்கி எடையை மற்ற அச்சுகளுக்கும் பகிரும் கம்பி) மாட்டாமல்: டிரக் முன் அச்சு 2,800, பின் அச்சு 3,900, டிரெய்லர் அச்சுகள் 5,160. கூட்டினால் 11,860. டிரெய்லர் மட்டும் 5,820 வருகிறது. டிரக்குக்கு ஈடான எடையைப் பிரேக் இல்லாமல் கிரேப்வைனில் இறக்கியிருக்கிறேன் என்று அந்தச் சீட்டைக் கையில் வைத்தபோதுதான் உறைத்தது.

கொக்கி மேல் விழும் எடை 660. இது சரியா?

வன்னிக்காரன்:

660 என்றால் 11 சதவீதம் சொச்சம். 10-க்கும் 15-க்கும் இடையில் இருந்தால் நல்லது. ஊரில் மாட்டு வண்டிக்குப் பாரம் ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்களே, அதே கணக்குத்தான். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும், இங்கே டிரெய்லர் வாலாட்டும்.

எனக்கு அது நடந்தது. 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்டன் பக்கம். பின் பம்பரில் நான்கு சைக்கிள், பின்னால் இருக்கிற தண்ணீர்த் தாங்கி நிரம்ப. 40 கேலன், ஒரு கேலன் 8 பவுண்டுக்கு மேல், அதுவே 330 பவுண்டு. ஒரு பெரிய லொறி முந்திப் போனது. அது தள்ளின காற்றில் டிரெய்லர் இடம் வலம் ஆடத் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதை விடப் பெரிதாக வந்தது. கால் பிரேக்குக்குப் போனது, மிதிக்கவில்லை. முன்னால் வாகனத்தைப் பிடித்தால் பின்னால் இருப்பது இன்னும் முந்தும், வாகனமும் டிரெய்லரும் பேனாக்கத்தி போல மடிந்து போகும். அக்சிலரேட்டரில் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலர் கைப்பிடியை மட்டும் தள்ளினேன். டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேரானது. பிரேக் அன்றைக்கு வேலை செய்யாமல் இருந்திருந்தால் எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போக வேண்டும். வீட்டு வாசலில் நின்றபடி பழகுங்கள். மனைவிக்கும் காட்டிக் கொடுங்கள், பக்கத்தில் இருந்து அவவும் தள்ளலாம்.

பழைய ஓட்டுநர்:

டிரக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளை, மஞ்சள் சீட்டையும் பாருங்கள். ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு என்று அதில் இருக்கும். கொக்கி எடை 660-ம் அந்தக் கணக்கில்தான் போகும்.

யோசெமிட்டிக்கு 120 நெடுஞ்சாலையில் போவீர்கள். மொக்காசின் என்ற ஊர் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். பழைய பிரீஸ்ட் கிரேடு குறுக்கு வழி, போன் அதைக் காட்டினாலும் டிரெய்லரோடு அந்தப் பக்கம் போகவே கூடாது, செங்குத்து. புதிய பிரீஸ்ட் கிரேடில் சுற்றிப் போங்கள். இறங்கும்போது டோ ஹால் மோடு (பாரம் இழுப்பதற்கான கியர் அமைப்பு) போட்டு, இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வாருங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். உறுதியாக மிதித்து 5 மைல் குறையுங்கள், விடுங்கள், வேகம் ஏறட்டும், மறுபடி மிதியுங்கள். விடுகிற நேரத்தில்தான் டிரம் ஆறும்.

வெப்பம் அளக்கும் துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்திலெல்லாம் நான்கு டிரம்மையும் சுடுங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் பிரேக் இல்லை. ஒன்று மட்டும் கொதித்தால் ஷூ உரசுகிறது, இல்லையென்றால் பேரிங் போகிறது.

நீலக்கூடாரம்:

யோசெமிட்டி போய் வந்துவிட்டோம். திரும்பும்போது புதிய பிரீஸ்ட் கிரேடு முழுதும் இரண்டாம் கியரில் இறங்கினேன், பத்துப் பன்னிரண்டு முறைதான் மிதித்தேன். ஒவ்வொரு முறையும் பின்னால் பிடிப்பது தெரிந்தது. மனைவி கதவுப் பிடியைப் பிடிக்கவில்லை, பாதி வழியில் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.

மொக்காசினில் நிறுத்தி அளந்தேன். இடது முன் 168, வலது முன் 171, வலது பின் 175, இடது பின் 194, எல்லாம் ஃபாரன்ஹீட். சின்னவள் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள், சுடும் என்று பிடித்து இழுத்துவிட்டேன். இடது பின் 20 டிகிரி கூட இருக்கிறதே அண்ணா, பேரிங்கா?

பழைய ஓட்டுநர்:

அது புது ஷூ, இன்னும் படிந்துகொண்டிருக்கலாம். கொஞ்சம் நெருக்கமாகவும் வைத்திருப்பீர்கள். அதை மட்டும் தூக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். கனமாக உரசினால் இரண்டு கிளிக் தளர்த்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இல்லையென்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. இன்னும் நூறு மைல் ஓட்டி மறுபடி அளந்து இங்கே எழுதுங்கள்.